வாடகை போக மிச்சம்

வடமேற்கு லண்டனில் கென்டன் ரோட்டின் ஒரு பக்கம் ஹாரோ நகராட்சி. எதிர்ப்பக்கம் பிரெண்ட் நகராட்சி. இரு பக்கத்தாரும் ஒரே கடையில் கறிவேப்பிலை வாங்குகிறார்கள், ஒரே ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார்கள். ஆனால் பள்ளி ஆசிரியராகப் புதிதாகச் சேர்பவருக்கு, 2024 செப்டம்பர் சம்பள விகிதப்படி, பிரெண்ட் பள்ளியில் ஆண்டுக்கு 38,766 பவுண்டு. ஹாரோ பள்ளியில் 36,413. ஆசிரியர் சம்பளக் கணக்கில் பிரெண்ட் உள் லண்டன், ஹாரோ வெளி லண்டன். வாழ்க்கைச் செலவை எண்ணித்தான் இந்தக் கோட்டைப் போட்டார்கள். அந்தச் செலவோ சாலை நடுவில் திடீரென்று இறங்கிவிடுவதில்லை.

லண்டனுக்கு வரப்போகும் மாணவரும் வந்து சேர்ந்த குடும்பமும் முதலில் கேட்பது, எந்த ஏரியா கட்டுப்படியாகும் என்பதைத்தான். ஈஸ்ட்ஹாம் மலிவு, ஹாரோ கொஞ்சம் கூட, டூட்டிங் இனி முடியாது, குரோய்டன் பார்க்கலாம் என்று பதிலும் உடனே கிடைக்கிறது. இந்தப் பதில்களில் உண்மை உண்டு. ஆனால் அவை வீட்டு வாடகையை மட்டும் வைத்துச் சொன்னவை. ஒரு வட்டாரத்தின் செலவை அளக்க வேண்டுமானால் வாடகையும் வரியும் பயணமும் போகக் கையில் நிற்பதைப் பார்க்க வேண்டும். அந்த மிச்சத்தைக் காப்பாற்ற அங்கே இருப்பவர் எத்தனை பேரோடு அறையைப் பகிர்கிறார், எத்தனை மணி நேரத்தைப் பஸ்ஸில் விடுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஒப்பீட்டுப் பட்டியல்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது கணக்கில்தான்.

முதலில் கடைச் சாமான். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் மாதாமாதம் வெளியிடும் விலைவாசிக் குறியீடு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். வட்டாரங்களுக்கிடையே விலை எவ்வளவு வேறுபடுகிறது என்ற கணக்கை அது எப்போதாவதுதான் எடுக்கிறது. 2010க்கு ஒன்று, 2016க்கு ஒன்று என்று வந்தன. 2016 கணக்கின்படி லண்டன் விலைகள் நாட்டுச் சராசரியைவிட 7 விழுக்காடு கூடுதல். இந்தியாவில் லேபர் பீரோ 88 மையங்களுக்குத் தனித்தனியே தொழிலாளர் விலைவாசிக் குறியீடு போடுகிறது. சென்னைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று என்று வைத்திருப்பதால் ஏற்ற இறக்கத்தையாவது ஊர்வாரியாகச் சொல்ல முடிகிறது. லண்டனைப் பற்றி அந்த அளவுக்குக்கூடச் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் 7 விழுக்காடு என்பது பலர் நினைப்பதைவிடச் சின்ன எண். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் நாடெங்கும் ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்கின்றன. அதே நிறுவனங்கள் தெருமுனைகளில் நடத்தும் சின்னக் கடைகளில் விலை கூடுதல், நகரின் நடுப்பகுதியிலோ அவைதான் அதிகம். தமிழர் சமையலறைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்திலும் வெம்பிளி ஈலிங் ரோட்டிலும் அடுத்தடுத்த கடைகள் போட்டி போட்டு விற்கும் அரிசி மூட்டையும் மிளகாய்த்தூளும் நெத்தலிக் கருவாடும் லண்டனை விட்டு விலகப் போகப் போக விலை ஏறும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. மின்சாரத்திலும் இப்படி ஒரு தலைகீழ் உண்டு. மீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள்தோறும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் சமீப ஆண்டுகளில் லண்டனில்தான் நாட்டிலேயே குறைவாக இருந்தது. நெருக்கமாக வீடுகள் உள்ள ஊரில் கம்பி இழுக்கும் செலவு பலர் தலையில் பகிர்ந்துவிடும் அல்லவா? வட வேல்ஸ், லிவர்பூல் வட்டாரத்தில் அந்தக் கட்டணம் மிக அதிகம்.

ஆக, லண்டன் விலையுயர்ந்த ஊர் என்ற பேச்சின் பெரும்பகுதி கூரையைப் பற்றியது. 2025 வசந்தத்தில் லண்டனின் சராசரி தனியார் வாடகை மாதம் 2,200 பவுண்டைத் தாண்டியது. இங்கிலாந்தின் வடகிழக்கில் அது சுமார் 730. லண்டனுக்குள்ளும் பெரிய பள்ளம் மேடு. கென்சிங்டன்-செல்சியில் சராசரி மூவாயிரத்துக்கு வெகு மேலே. தென்கிழக்கு ஓரத்து பெக்ஸ்லியில் அதில் பாதிக்கும் குறைவு. வறுமைக் கணக்கிலும் இதே உண்மை தெரிகிறது. வீட்டுச் செலவைக் கழிக்காமல் பார்த்தால் லண்டனின் வறுமை விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மோசமில்லை. கழித்துவிட்டுப் பார்த்தால் லண்டன்வாசிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறுமையில் இருக்கிறார்.

இது இன்று கண்டுபிடித்த செய்தி இல்லை. சார்ல்ஸ் பூத் 1880களின் இறுதியில் லண்டன் தெருக்களை வறுமையின் அளவுப்படி வண்ணம் தீட்டி வரைபடம் போட்டார். ஆனால் இந்தக் கட்டுரைக்கு அவரைவிட நெருக்கமானவர் மாட் பெம்பர் ரீவ்ஸ். தேம்ஸுக்குத் தெற்கே லாம்பெத் பகுதியில், வாரம் ஒரு பவுண்டு அளவில் காலம் தள்ளிய குடும்பங்களின் வீட்டுக் கணக்கை, அந்த வீட்டுப் பெண்களையே எழுதவைத்து, ஃபேபியன் மகளிர் குழு சில ஆண்டுகள் சேகரித்தது. அதைத் தொகுத்து 1913இல் ரீவ்ஸ் புத்தகமாக்கினார். ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானமுள்ளவர் வீட்டுக்குச் செலவழிப்பது வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு என்றும், வாரம் 24 ஷில்லிங் சம்பாதிப்பவர் கொடுப்பது மூன்றில் ஒரு பங்கு என்றும் அவர் காட்டினார். அதே பணத்துக்கு ஏழைக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு குறைவு, அதில் காற்றும் வெளிச்சமும் எவ்வளவு குறைவு என்பதையும் சேர்த்தே எழுதினார். கணக்கெழுதத் தெரியாத பெண்கள் கணவனிடமோ பிள்ளையிடமோ சொல்லி எழுதவைத்த அந்த நோட்டுகளில் உள்ள நேர்மை, நூறு ஆண்டுக்குப் பின் வரும் வண்ணப் பட்டியல்களில் எனக்குத் தென்படுவதில்லை.

இன்றைய ஈஸ்ட்ஹாமை ரீவ்ஸின் கண்ணோடு பார்க்க வேண்டும். ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டுகளைப் படித்தால் போதும். ரூம் வாடகைக்கு, பில் உட்பட, ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம் என்று சில. அறை என்றுகூட இல்லாமல், அறையில் ஒரு இடம் என்று சில. சைவம் சாப்பிடுபவருக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்ற நிபந்தனைகள் வேறு. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அது லண்டனில் கிடைக்கும் குறைந்த வாடகைகளில் ஒன்று. அதே வீட்டுக்கு மொத்தமாக எவ்வளவு வருகிறது என்று கூட்டினால் மலிவு என்ற சொல்லே பொருந்தாது. ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாம் நகராட்சி, 2021 குடிக்கணக்கெடுப்பில் இடநெருக்கடி மிக மோசமான இடங்களில் முன்னணியில் இருந்தது. வீட்டுக்காரர்கள் நகராட்சியிடம் உரிமம் பெற்றுத்தான் வாடகைக்கு விடலாம் என்ற விதியைத் தன் எல்லை முழுவதற்கும் இங்கிலாந்திலேயே முதலில், 2013இல், கொண்டுவந்ததும் நியூஹாம்தான். தோட்டத்துக் கொட்டகைகளில் ஆட்களைக் குடிவைத்த காலம் அது.

இங்கே மலிவாகத் தெரிவதற்கான விலையைச் சுவரும் ஜன்னலும் தூக்கமும் கொடுக்கின்றன. எந்தப் பட்டியலும் இதை ஒரு வரியாக எழுதுவதில்லை. ஒரே அறையில் மூவர் தங்கி, ஒருவர் இரவு ஷிஃப்டுக்குப் போகும்போது மற்றவர் படுக்கிற ஏற்பாட்டை வைத்து ஈஸ்ட்ஹாமின் செலவு குறைவு என்று ஊருக்குச் செய்தி அனுப்புவது, வரப்போகும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

அரசாங்கமே மாணவருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிப்பவர் தன் வாழ்க்கைச் செலவுக்காகக் காட்ட வேண்டிய தொகை, 2025 ஜனவரி முதல், லண்டனில் மாதம் 1,483 பவுண்டு, வெளியே 1,136. அதே ஆண்டு நவம்பரில் 1,529, 1,171 என்று உயர்த்தினார்கள். மாணவர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரல் முதல் இருந்த சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. பெருக்கிப் பார்த்தால் மாதம் சுமார் 1,058. அரசு சொல்லும் செலவுக்கும் அரசு அனுமதிக்கும் வருமானத்துக்கும் நடுவில் மாதம் நானூறு பவுண்டுக்கு மேல் பள்ளம். அந்தப் பள்ளத்தை மூடுவது ஊரில் அடகு வைத்த நிலமும், அறையில் கூடுதலாகப் போட்ட ஒரு மெத்தையும்.

அந்தக் கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி லண்டனுக்கும் லிங்கனுக்கும் ஒன்றே. கிழக்கு லண்டனில் 2001இல் பெற்றோர்களும் சமூக அமைப்புகளும் சேர்ந்து, உழைத்தும் வாழ முடியவில்லை என்று தொடங்கிய இயக்கத்தின் பலனாக, வாழ்வதற்குப் போதுமான கூலி என்று தனியே ஒன்றைக் கணக்கிட்டு அறிவிக்கிறார்கள். 2024 இறுதியில் அறிவித்தபடி அது லண்டனில் 13.85 பவுண்டாகவும் மற்ற இடங்களில் 12.60 ஆகவும் இருந்தது. மனமுவந்து ஏற்கும் முதலாளிகள் மட்டும் கொடுக்கிறார்கள். தமிழர் அதிகம் வேலை செய்யும் கடை, பெட்ரோல் ஸ்டேஷன், கேர் ஹோம் எல்லாவற்றிலும் அது கிடைத்துவிடும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இடத்துக்குத் தக்க சம்பளம் என்பது தமிழ்நாட்டு அரசு ஊழியர் வீடுகளில் பழக்கமான கணக்கு. மத்திய அரசு ஊழியருக்கு 2024 முதல் வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு, கோவை, மதுரை, சேலம் போன்ற ஊர்களில் 20, மற்ற ஊர்களில் 10. பிரிட்டனில் இதன் உறவுமுறை, 1920இல் அரசு ஊழியருக்காகத் தொடங்கிய லண்டன் படி. இன்று தேசிய மருத்துவச் சேவையில் உள் லண்டனுக்கு 20 விழுக்காடு, வெளி லண்டனுக்கு 15, ஓரப் பகுதிகளுக்கு 5 என்று, கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்துக் கொடுக்கிறார்கள். கென்டன் ரோடு போன்ற கோளாறுகள் இருந்தாலும், இடத்துக்கு இடம் செலவு மாறும் என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

விசா விதிகளில் அந்த நேர்மை இல்லை. திறன் தொழிலாளர் விசாவுக்கு வேண்டிய பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டு, 2025 ஜூலையில் 41,700. மனைவியையோ கணவனையோ அழைத்து வர வேண்டிய வருமானம் 2012 முதல் 18,600 ஆக இருந்தது, 2024 ஏப்ரலில் 29,000 ஆயிற்று. இரண்டும் நாடு முழுவதற்கும் ஒரே எண். 41,700 சம்பளத்தில் வருமான வரியும் தேசியக் காப்பீடும் போனால், ஓய்வூதியப் பிடித்தம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மாதம் சுமார் 2,795 பவுண்டு கைக்கு வரும். லண்டன் சராசரி வாடகையைக் கொடுத்தால் மிச்சம் அறுநூறுகூட இல்லை. வடகிழக்கின் சராசரி வாடகையைக் கொடுத்தால் இரண்டாயிரத்துக்கு மேல். ஒரே விசா, ஒரே சம்பளம், மிச்சத்தில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். தனி வீடு எடுக்காமல் அறை எடுத்தால் சமாளிக்கலாம். ஆனால் பிள்ளையோடு வந்த தம்பதிக்கு அறை எத்தனை நாள் தாங்கும்? விசாவில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அரசின் உதவித்தொகையும் கிடையாது.

உதவித்தொகை பெறும் உரிமை உள்ளவர்களின் நிலையும் நல்லதென்று சொல்வதற்கில்லை. ஒரு குடும்பம் மொத்தமாகப் பெறக்கூடிய உதவிக்கு உச்சவரம்பு உண்டு. 2023 முதல் லண்டனுக்குள் ஆண்டுக்கு 25,323 பவுண்டு, வெளியே 22,020. லண்டன் வரம்பை மாதக் கணக்காக்கினால் 2,110. சராசரி வாடகையைவிடக் குறைவு! லண்டனுக்கென்று கூட்டிக் கொடுத்தது மாதம் 275 பவுண்டு. லண்டனுக்கும் வடகிழக்குக்கும் வாடகை வித்தியாசமோ ஆயிரத்து நானூறுக்கு மேல்.

அடுத்தது கவுன்சில் டாக்ஸ். தமிழர் வட்டாரங்களை ஒப்பிடும்போது பலரும் மறக்கிற, ஆனால் ஆச்சரியங்கள் நிறைந்த செலவு இது. 1993இல் வந்த இந்த வரி, வீட்டின் 1991 ஏப்ரல் மதிப்பை வைத்து எட்டுப் படிகளாகப் பிரித்து விதிக்கப்படுகிறது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் இங்கிலாந்தில் மறுமதிப்பீடு நடக்கவில்லை. நடுப்படியான 'டி'க்கு 2024-25இல் வான்ட்ஸ்வொர்த்தில் 961 பவுண்டு. வெஸ்ட்மின்ஸ்டரிலும் ஏறக்குறைய அதேதான். குரோய்டனிலும் கிங்ஸ்டனிலும் 2,300ஐத் தாண்டியது. மிக உயர்ந்த 'எச்' படி, 'டி'யைப்போல இரண்டு மடங்குதான். ஆகவே வெஸ்ட்மின்ஸ்டரில் பல மில்லியன் பெறும் மாளிகைக்குக் கட்டும் வரியைவிட, குரோய்டனின் தோர்ன்டன் ஹீத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் சாதாரண 'டி' வீட்டுக்குக் கட்டும் வரி அதிகம். குரோய்டன் நகராட்சி 2020 நவம்பரில் கணக்கைச் சமன்செய்ய முடியவில்லை என்று சட்டப்படி அறிவித்தது. 2023 ஏப்ரலில் வரியை ஒரேயடியாக 15 விழுக்காடு ஏற்ற அனுமதி பெற்றது. நகராட்சி நடத்தியவர்களின் தவறுக்கு வாடகைக்காரரும் பங்கு கட்டினார். இங்கே கவுன்சில் டாக்ஸ் பொதுவாக வீட்டுக்குச் சொந்தக்காரர் தலையில் விழுவதில்லை, குடியிருப்பவர் தலையில்தான் விழுகிறது.

வான்ட்ஸ்வொர்த்தின் குறைந்த வரியை அனுபவிக்கிற தமிழர் வட்டாரம் டூட்டிங். டூட்டிங் பிராட்வேயிலிருந்து தெற்கே கோலியர்ஸ் வுட் நோக்கி நடந்தால் கால்மணி நேரத்துக்குள் மெர்ட்டன் நகராட்சி வந்துவிடும். தோசைக் கடை அதே மாதிரி, வீடுகள் அதே மாதிரி, வரி ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் மாதம் எண்பது தொண்ணூறு பவுண்டு வரியில் மிச்சம் என்று டூட்டிங்குக்கு வருபவர், அதைவிட அதிகத்தை வாடகையில் இழப்பார். மூன்றாம் மண்டலத்து ட்யூப் ஸ்டேஷனும் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியும் இளம் சம்பளக்காரர்களை இழுத்து வாடகையை ஏற்றிவிட்டன. ஒரு கையால் விட்டதை மறு கையால் வாங்கும் இந்த ஏற்பாட்டில் லாபம் அடைபவர் ஒரே ஒருவர்தான்: நெடுங்காலம் முன்பே அங்கே வீடு வாங்கியவர்.

நியூஹாம் நெடுநாள் குறைந்த வரி வாங்கியது. 2025 ஏப்ரலில் அதுவும் 8.99 விழுக்காடு ஏற்ற வேண்டியதாயிற்று. வீடற்ற குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் செலவே முக்கியக் காரணம். லண்டன் நகராட்சிகள் எல்லாம் சேர்ந்து இதற்கு அப்போது நாளொன்றுக்குச் சுமார் 40 லட்சம் பவுண்டு செலவழித்தன. லண்டன்வாசிகளில் ஐம்பதில் ஒருவர் இப்படித் தற்காலிக இடத்தில் இருக்கிறார். வாடகை வரியாகத் திரும்பி வரும் வழி இது.

பயணச் செலவுக்கு வருவோம். லண்டன் ரயில்களில் நடுவிலிருந்து வெளியே மண்டலம் மண்டலமாகக் கட்டணம் ஏறும். டூட்டிங் பிராட்வே மூன்று, ஈஸ்ட்ஹாம் மூன்றுக்கும் நாலுக்கும் எல்லை, வெம்பிளி நாலு, ஹாரோவும் ரேய்னர்ஸ் லேனும் ஐந்து. 2025 மார்ச் கட்டணப்படி முதல் இரு மண்டலத்துக்குள் ஒரு நாளைய உச்சவரம்பு 8.90 பவுண்டு. ஆறு மண்டலமும் சுற்றினால் 16.30. ஸ்ட்ராட்ஃபோர்ட் 2016இல் இரண்டு-மூன்று எல்லை நிலையமாக மாற்றப்பட்டதும் ஒரே நாளில் அந்த வட்டாரத்தார் பயணச் செலவு இறங்கியது. வாடகை அதைத் தொடர்ந்து இறங்கவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

பஸ்ஸில் மட்டும் மண்டலம் கிடையாது. எவ்வளவு தூரம் போனாலும் 2025இல் 1.75 பவுண்டு, ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே டிக்கெட். இல்ஃபோர்டிலிருந்து நகரின் நடுப்பகுதிக்குப் போகும் 25ஆம் எண் பஸ்ஸைப் பாருங்கள். எலிசபெத் லைனில் இல்ஃபோர்டிலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் சுமார் இருபது நிமிடம், காலை நெரிசல் நேரத்தில் நாலு பவுண்டுக்கு மேல். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு வழிக்கு ஏறக்குறைய மூன்று பவுண்டு மிச்சம், நாற்பது நிமிடம் செலவு. குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் நாற்பது நிமிடத்தின் மதிப்பு எட்டு பவுண்டு. பொருளாதாரம் படித்தவர் ரயிலில் போ என்பார். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை யாரும் கூலி கொடுத்து வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. மாதக் கடைசியில் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியதோ காசு. அதனால் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிறவர்களும் சமையலறை உதவியாளர்களும் ஜன்னலில் தலை சாய்த்தபடி பஸ்ஸில் வருகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு ரயிலே கிடையாது, பஸ் ஒன்றே வழி.

காரைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2023 ஆகஸ்ட் 29 முதல் மாசு விதிக்கு உட்படாத பழைய வண்டிக்கு லண்டன் முழுவதும் நாளுக்கு 12.50 பவுண்டு. கிழக்கு லண்டன் முகவரி என்றால் இன்ஷூரன்ஸும் கூடுதல். கார் இல்லாமல் வாழ முடிவதுதான் லண்டன் தரும் மிகப் பெரிய சலுகை.

சலுகைகளையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பஸ் இலவசம். அறுபது வயதானவருக்குப் பயணம் இலவசம், காலை நெரிசல் நேரம் நீங்கலாக. 2023 செப்டம்பர் முதல் லண்டனின் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். இரண்டு பிள்ளையும் பாட்டியும் உள்ள வீட்டில் இவற்றைக் கூட்டினால் மாதத்துக்கு கணிசமான தொகை. லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கௌரவமாக வாழ என்னென்ன வேண்டும் என்று லண்டன் மக்களையே கூட்டிவைத்துக் கேட்டு ஒரு குறைந்தபட்ச வருமான அளவுகோலைத் தயாரிக்கிறார்கள். அதிலும் லண்டன் குடும்பத்துக்குக் கார் தேவையில்லை என்பதும், வாடகையும் குழந்தைப் பராமரிப்பும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடுகின்றன என்பதும் சேர்ந்தே வருகின்றன. நான் மதிக்கும் ஒப்பீட்டு முறை இது. ஆனால் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு அதில் இடமில்லை. யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ மருந்துச் செலவுக்கும் தங்கை கல்யாணத்துக்கும் காத்திருப்பவர்கள் இருக்கும்வரை, அது தமிழர் வீட்டில் வாடகைக்கு அடுத்த வரி.

வட்டாரத்துக்கு வட்டாரம் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது, ஒரே தெருவில் கதவுக்குக் கதவு உள்ள வேறுபாடு. 1983க்குப் பின் வந்த ஈழத்தமிழரில் பலர் இரண்டு வேலை பார்த்து, சீட்டுப் பிடித்து, அந்தப் பணத்தை முன்பணமாக்கி ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் வீடு வாங்கினார்கள். மோட்கேஜ் கட்டி முடித்தவருக்கு இன்றைய வாடகை உயர்வால் செலவு இல்லை, இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டவருக்கு அது வரவு. அதே தெருவில் நேற்று வந்திறங்கிய பிள்ளைக்கு அதுவே சுமை. கோயில் திருவிழாவில் இருவரும் ஒரே தேர் வடத்தைப் பிடிக்கிறார்கள். லண்டன் தமிழரின் வாழ்க்கைச் செலவைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்தப் பிளவு பேசப்படுவதே இல்லை. பேசியாக வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் தமிழராகவே இருக்கும்போது, ரசீது கொடுப்பதும் முன்பணத்தைச் சட்டப்படி ஐந்து வார வாடகைக்குள் நிறுத்தி அதற்கான பாதுகாப்புத் திட்டத்தில் போடுவதும் நம் கையில் உள்ளவை.

சரி, லண்டனை விட்டே போய்விட்டால்? சில நகராட்சிகள் ஏழைக் குடும்பங்களுக்கு இந்தப் பதிலைத் தாங்களே எழுதின. நியூஹாம் 2012இல் தன் பகுதிக் குடும்பங்களை ஏற்க முடியுமா என்று ஸ்டோக் நகரத்து வீட்டுவசதி அமைப்பிடம் கேட்டது பெரும் சர்ச்சையானது. ரெட்பிரிட்ஜ் 2016இல் கான்டர்பரியின் பழைய ராணுவக் குடியிருப்பை வாடகைக்கு எடுத்துத் தன் குடும்பங்களை அங்கே அனுப்பியது. வாடகை குறைந்தது நகராட்சிக்கு. பள்ளியும் வேலையும் உறவும் அறுந்தது குடும்பங்களுக்கு.

தாமாகவே கிளம்புகிறவர்களும் உண்டு. ஈஸ்ட்ஹாமிலிருந்து இல்ஃபோர்டு, அங்கிருந்து ரோம்ஃபோர்டு, டூட்டிங்கிலிருந்து நியூ மால்டன், சட்டன், ஹாரோவிலிருந்து வாட்ஃபோர்டு, அதையும் தாண்டி மில்டன் கீன்ஸ், நார்தாம்டன், கோவென்ட்ரி. கூடுதலாக ஒரு படுக்கையறையும் சின்னத் தோட்டமும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. நார்தாம்டன் போகிற குடும்பம் எழுதிப் பார்க்க வேண்டிய வரிகள் இவை: கணவன் மனைவி இருவரும் வெவ்வேறு திசையில் வேலைக்குப் போனால் இரண்டு கார், வேலை லண்டனிலேயே என்றால் பல ஆயிரம் பவுண்டு பிடிக்கும் ஆண்டு ரயில் பாஸ், பிள்ளைகளின் இலவச பஸ் போய்விடும், அறுபத்திரண்டு வயது அம்மாவின் இலவசப் பயணம் அறுபத்தேழு வரை நின்றுவிடும், பக்கத்தில் தமிழ்ப் பள்ளி இல்லாவிட்டால் சனிக்கிழமைப் பெட்ரோல், பிள்ளையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள நாலு வீடு தள்ளி இருந்த அக்காவுக்குப் பதிலாகக் காசு கொடுத்து ஓர் ஆள். இவ்வளவையும் கழித்த பிறகும், நிலையான சம்பளமும் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையும் உள்ள இளம் தம்பதிக்குக் கணக்கு நார்தாம்டன் பக்கமே சாய்கிறது. இரவு ஷிஃப்டுக்குப் போகிற தாய்க்கும், கார் ஓட்டத் தெரியாத பாட்டிக்கும், வாரம் இருபது மணி நேரக் கூலியில் படிக்கிற மாணவருக்கும் அது இன்னமும் ஈஸ்ட்ஹாம் பக்கமே நிற்கிறது, அறையில் மூன்றாவது மெத்தையோடு.